விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்கலையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், அப்பாவின் வங்கிக் கணக்கு, ரப்பர் விளையின் (தோட்டத்தின்) பத்திரம் எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போகும்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கல்விக் கண்காட்சி விளம்பரத்தில் ‘ஸ்காலர்ஷிப் உறுதி’ என்று கண்டேன். ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லும் அந்த வகைக் கடிதங்களை நான் நிறைய பிரிண்ட் எடுத்திருக்கிறேன். கட்டணம் 17,000 பவுண்டு, அதில் 3,000 தள்ளுபடி என்றிருக்கும். மிச்சம் 14,000 பவுண்டு, வாடகை, சாப்பாடு, விமானம் எல்லாம் பிள்ளையின் குடும்பத்தின் பாடு. குலசேகரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று அந்தக் கடிதத்தை நம்பி வாழ்த்து ஃபிளெக்ஸ் வைத்தது. அதே வாரம் அடமானத்துக்கு விளைப் பத்திரமும் நகலெடுக்க வந்தது.

முழுச் செலவையும் தரும் உதவிகள் இல்லாமல் இல்லை. அவற்றுக்கு விண்ணப்பிக்க ஏஜென்ட்டும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலை உதவித்தொகையில் மாதம் 1,400 யூரோ, இரண்டு ஆண்டுவரை. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்குப் பட்டத்துக்குப் பிறகு சுமார் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டாவது ஊருக்குத் திரும்பி இருக்க வேண்டும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் இனத்தவர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ கணக்கில் காட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் ‘ஜெர்மனியில் இலவசம்’ என்று மட்டும் சொல்கிறவர்களும் இங்கே உண்டு.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் பலவற்றுக்குப் படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். எராஸ்மஸ் படிப்புகள் பலவும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். நம்மவர்கள் ரிசல்ட் வந்த பிறகு, ஜூனில் வந்து கேட்கிறார்கள். அப்போது திறந்திருப்பது ஏஜென்ட் கடை மட்டும்தான்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. பரிந்துரைக் கடிதம் கேட்டால், ‘நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்’ என்று சில பேராசிரியர்கள் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை நேரே என் கடைக்கு வந்து, ‘அக்கா, நீங்களே நல்லா நாலு வரி போடுங்க’ என்கிறாள். எம்.எஸ்சி. இயற்பியல் மாணவியின் ஆராய்ச்சித் திறமையைப் பற்றி நான் என்னத்தை எழுத? வகுப்பில் பார்த்தவர் எழுதினால்தானே தேர்வுக் குழு மதிக்கும்.

விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அது உங்கள் வருமானம். கல்விப் பக்கத்தில் மாதம் ஒருமுறை, அந்த மாதம் திறக்கும் உதவித்தொகைகள், கடைசி நாள், தகுதி, அதிகாரப்பூர்வ இணைய முகவரி ஆகியவற்றை ஒரு சிறு பத்தியாகப் போடுங்கள். வந்தால் அதைப் பெரிதாக்கி லாமினேட் செய்து கடை வாசலில் ஒட்டுகிறேன், என் செலவிலேயே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்