அஞ்சத் தெரிந்தவர்கள்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். உங்களிடம் முறையாகக் கேட்காமல் தங்கையைக் கடற்கரை சாகச விளையாட்டு விழாவுக்கு அழைத்துச் சென்றது என் தவறுதான். நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்கிறேன். ஆனால், பெற்றவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க, உயிரைத் துச்சமாக நினைக்கும் பிள்ளைகளின் விளையாட்டைக் கைதட்டி வளர்க்கலாமா என்று அன்று நீங்கள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இதே கேள்வி வேறு வீடுகளிலும் எழுந்திருக்கும் என்பதால், இரண்டு நாள் யோசித்தபின் பதிலை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் பார்த்தது, பலகைமேல் நின்று கடல் அலையில் சறுக்கிவரும் அலைச்சறுக்கு. அரைமணி நேரச் சுற்று ஒன்றில் பெரும்பகுதி, வீரர்கள் பலகைமேல் கால்களைத் தொங்கவிட்டு அடிவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதிலேயே கழிந்துவிட்டது. தங்கைக்குச் சலித்துப்போனது. அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதையும், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே கடல் அடங்கிக் கிடப்பதையும் அருகிலிருந்தவர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு அந்தக் காத்திருப்பே எங்களுக்குச் சுவையாகிவிட்டது. நடுவர்கள் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு மதிப்பெண் இடுகிறார்கள். ஐந்து நடுவர்கள் இருந்தால் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விலக்கிவிட்டு மற்ற மூன்றின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எத்தனை அலைகளில் ஏறினாலும் அவற்றில் சிறந்த இரண்டுதான் கணக்கில் சேரும். ஆகவே கண்ணில் பட்ட அலையிலெல்லாம் பாய்கிறவருக்கு இங்கே பெரிய லாபமில்லை. முன்னுரிமை பெற்றவரின் பாதையில் குறுக்கிட்டால் மதிப்பெண் குறையும் என்பதால், அருமையான அலை ஒன்றை ஓர் இளைஞர் கையால் நீரைத் தள்ளுவதை நிறுத்தி விட்டுக்கொடுத்ததையும் பார்த்தோம்.

பிற்பகலில் காற்று திசை மாறிக் கரையை ஒட்டிப் பக்கவாட்டில் வீசத் தொடங்கியதும், பெரிய பட்டங்களை இடுப்பில் பூட்டிக்கொண்டு நீரில் விரையும் கைட் சர்ஃபிங் வீரர்களின் முறை வந்தது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மெல்லிய காற்று அலையின் முகத்தைச் சீராக்கித் தருவதால் அலைச்சறுக்கு வீரர்கள் அதை வரவேற்பார்கள். பட்டக்காரர்களுக்கோ அதே காற்று ஆபத்தானது, ஏனெனில் ஏதாவது பழுதானால் அது அவர்களைத் திறந்த கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவிசை நான்கு மடங்காகும். அதை அறிந்தவர்கள் என்பதால் பட்டம் எழும்புவதற்கு முன் அவர்கள் செய்த சோதனைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்: சுமார் இருபது மீட்டர் நீளக் கயிறுகள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிச் சிக்கு பார்த்தார்கள், ஆபத்தில் பட்டத்தைக் கழற்றிவிடும், இடுப்பிலுள்ள அவசர விடுவிப்பானை இழுத்துப் பார்த்தார்கள், பட்டத்தைப் பிடித்து நிற்கும் உதவியாளருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும்வரை எவரும் அசையவில்லை. அன்று முழுவதும் நான் கண்ட ஒரே பொறுப்பற்ற செயலைச் செய்தவர் ஒரு பார்வையாளர். கைப்பேசியில் படமெடுப்பதற்காகத் தடுப்புக் கயிற்றைத் தாண்டி, ஏறிக்கொண்டிருந்த பட்டத்துக்கு நேர் கீழே போய் நின்றார். விறைத்த பட்டக் கயிறு ஆளை அறுத்துவிடக்கூடியது. தொண்டர்கள் ஓடிப்போய் அவரை இழுத்து வந்தார்கள்.

மாலையில், சக்கரம் பூட்டிய பலகையில் ஏறிச் சறுக்கும் ஸ்கேட்போர்டு வீரர்களின் வளைந்த மேடை. உங்களை அதிகம் கலங்கவைத்தது இதுதான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தங்கை எடுத்துவந்த காணொளியில் ஒரு பெண் உச்சியிலிருந்து விழுகிறாள். அந்தக் காணொளி அவள் விழுந்த கணத்தோடு நின்றுவிடுகிறது; அடுத்து நடந்ததை நான் சொல்கிறேன். காற்றில் இருக்கும்போதே பலகையைக் காலால் தள்ளிவிட்டாள், இரு முழங்கால்களையும் மடக்கினாள், முழங்கால் கவசத்தின் வழுவழுப்பான பிளாஸ்டிக் மூடிமேல் சரிந்து, மேடையின் வளைவோடு வழுக்கி அடிவரை வந்து எழுந்து நின்றாள். மேடை அப்படி வளைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: செங்குத்தாக விழும் உடலின் வேகத்தை அந்த வளைவு சிறிது சிறிதாகக் கிடைவாட்டுக்குத் திருப்பிவிடுகிறது. வித்தை எதையும் கற்பிக்கும் முன்பே முழங்காலில் சரிந்து விழுவதைத்தான் முதற்பாடமாக வைப்பார்கள். சிறிய சைக்கிளில் வித்தை செய்யும் பி.எம்.எக்ஸ் வீரர்கள் தலைகீழ்ச் சுழற்சியைப் பஞ்சுக் கட்டிகள் நிரப்பிய குழிக்குள் எத்தனையோ முறை விழுந்து பழகிய பிறகே கட்டாந்தரைக்குக் கொண்டுவருகிறார்கள்.

1999-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவின் கடலோரத் துறைமேடை ஒன்றில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில், அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுழன்று இறங்கும் 900 பாகை வித்தையை முதன்முறையாகப் போட்டிக் களத்தில் செய்து முடித்தார். மீண்டும் மீண்டும் விழுந்தார். போட்டி நேரமே முடிந்துவிட்டது. அவரோடு போட்டியிட்டவர்களே பலகைகளைத் தட்டி அவரை ஊக்கினார்கள். நாங்கள் போன விழாவிலும் அப்படித்தான்: அன்று மாலை, விழுந்தெழுந்த அந்தப் பெண் நான்காவது முறை ஏறியபோது, அவளிடம் தோற்கக்கூடியவர்களே பலகைகளைத் தட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

காயமே படாது என்று உங்களிடம் சாதிக்க மாட்டேன். ஒரு சைக்கிள் வீரர் தோளைப் பிடித்துக்கொண்டு முதலுதவிக் கூடாரத்துக்குப் போனதை நாங்களே பார்த்தோம், அவருடைய தாய் கூடவே நடந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். உங்கள் அச்சம் வீணானது என்று நான் சொல்லவில்லை, சித்தப்பா. அங்கே மேடையேறும் பிள்ளைகளுக்கும் அதே அச்சம் உண்டு. அந்த அச்சத்தைக் கொண்டுதான் கயிற்றைத் தடவிப் பார்க்கிறார்கள், கவசத்தை இறுக்குகிறார்கள், அலையை விட்டுக்கொடுக்கிறார்கள். ஸ்கேட்போர்டும் அலைச்சறுக்கும் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டன என்பதைவிட, இதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த முறை விழா நடக்கும்போது நீங்களும் எங்களோடு வர வேண்டும். போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடலாம். பயிற்சி நேரத்தில் கூட்டமும் ஒலிபெருக்கியும் குறைவு, விழுவதையும் எழுவதையும் அருகிலிருந்து பார்க்கலாம். காற்று வரும் பக்கமாக, தடுப்புக் கயிற்றுக்கு வெளியே மேடான இடம் ஒன்று இருக்கிறது. வெயிலுக்குத் தொப்பியும் உங்கள் மூக்குக்கண்ணாடியும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை உங்கள் பக்கத்திலேயே இருப்பாள்.

என்றும் அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்