அம்முவுக்கு, அந்த சீரியல் ரெஸ்டாரண்ட் விஷயமா

அம்மு,

ஃபோன்ல பேசினா நீ பாதியிலயே "சரிப்பா சரிப்பா"ன்னு வெச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. நீயும் உன் ஃப்ரெண்டும் சேர்ந்து சீரியல், டிவி சீரியல் இல்ல, கார்ன் ஃப்ளேக்ஸ் மாதிரி பால் ஊத்தி சாப்பிடுறது, அது மட்டுமே போடுற ரெஸ்டாரண்ட் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு பேசிட்டு இருக்கீங்களாமே, அப்பா என்ன சொல்வார்னு அம்மாகிட்ட நைசா கேட்டியாம். என்கிட்டயே கேட்டிருக்கலாம், நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்.

பெட்டிய பிரிச்சு கொட்டி பால ஊத்துறதுக்கு எதுக்குடா ஒரு ஹோட்டல்னு கேப்பேன்னுதானே பயந்த? அந்தக் கேள்விய நான் கேக்கலன்னாலும் ஊர்ல எல்லாரும் கேப்பாங்க, கடை திறந்த முதல் நாள்ல இருந்து மூடுற நாள் வரைக்கும் கேப்பாங்க, அதுக்கு உன்கிட்ட பதில் இருக்கணும். கோவப்படாம, சிரிச்சுக்கிட்டே சொல்ற மாதிரி ஒரு பதில்.

ஏன் சொல்றேன்னா இது புது ஐடியா இல்ல. 2003லயே அமெரிக்கால அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி கேம்பஸ்க்குள்ள சீரியாலிட்டின்னு ஒரு கடை வந்துச்சு, வேலை செய்யறவங்க எல்லாம் பைஜாமா போட்டுக்கிட்டு ஸ்கூப்புல அள்ளிக் குடுப்பாங்க. அடுத்த வருஷம் ஃபிலடெல்ஃபியால பென்சில்வேனியா யுனிவர்சிட்டி பக்கத்துல ஒண்ணு போட்டாங்க. இடத்த கவனிச்சியா, காலேஜ் பசங்க இருக்கிற இடம். ராத்திரி லேட்டா தூங்கி பதினோரு மணிக்கு எழுந்திருக்கிறவனுக்கு காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஒண்ணுதானே. அப்புறம் 2014 டிசம்பர்ல லண்டன் பிரிக் லேன்ல சீரியல் கில்லர் கஃபே, பெல்ஃபாஸ்ட்ல இருந்து வந்த ட்வின்ஸ் ரெண்டு பேரு, ஆலன் கீரி, கேரி கீரி. நூறு வகைக்கும் மேல வெச்சிருந்தாங்க. திறந்த உடனேயே ஒரு டிவி ரிப்போர்ட்டர் போயி, இந்த ஏரியால ஏழைங்க அதிகம், ஒரு கிண்ணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல வாங்குறீங்களே, அவங்களால குடுக்க முடியுமான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. 2015 செப்டம்பர்ல வாடகை ஏத்தம், பணக்காரங்க வந்து ஏரியாவ மாத்துறதுன்னு எதிர்ப்பு காட்ட வந்த கூட்டம் கடை மேலயே பெயிண்ட்ட அடிச்சுட்டுப் போச்சு. உள்ள கஸ்டமருங்க குழந்தைங்களோட உக்காந்திருந்தாங்களாம். ஒரு கிண்ணம் பால்ல போட்ட சோளத்துக்கு இவ்ளோ கோவமான்னு தோணும், ஆனா கோவம் சோளத்து மேல இல்ல, வீட்ல சும்மா கிடைக்கிறத காசுக்கு விக்கிறான்ங்கிறது பாக்குறவன் கண்ண உறுத்துது. அதையும் தாங்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டினாங்க, கடைசில 2020 ஜூலைல, கொரோனா வந்தப்போ, லண்டன் கடைங்கள மூடிட்டாங்க.

பெரிய கம்பெனியே இறங்கியும் பாத்துச்சு. கார்ன் ஃப்ளேக்ஸ் செய்யிற கெல்லாக்ஸ் 2016 ஜூலைல நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல சொந்தமா கஃபே திறந்து, அடுத்த வருஷக் கடைசில யூனியன் ஸ்கொயர்ல பெரிய இடத்துக்கு மாறினாங்க. பிஸ்தாவும் எலுமிச்சைத் தோலும் தூவி ஒரு கிண்ணம், அந்த மாதிரி மெனு. பெட்டி செய்யிறவனுக்கு கடை லாபம் வரலன்னாலும் விளம்பரக் கணக்குல எழுதிக்கலாம் மா. உனக்கு அந்த வசதி இல்ல.

சரி, பேப்பர்ல படிச்சத வெச்சு மட்டும் பேசக்கூடாதுன்னு நானும் அம்மாவும் அப்படி ஒரு கடைக்கே போய் சாப்பிட்டுப் பாத்தோம். பேர் வேணாம், நாளைக்கு நீயே அவங்களுக்குப் போட்டியா நிக்கப்போற. உள்ள நுழைஞ்சா ஒரு சுவர் பூரா பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கு, பாக்க ஜோராதான் இருக்கு, அம்மா செல்ஃபோன எடுத்துட்டா. மெனு கார்டு நீளமா போகுது, ஒரு பேஸ், ரெண்டு டாப்பிங், ஒரு பால்னு தேர்ந்தெடுக்கணும், பின்னாடி ஆள் நிக்கிறப்போ இதெல்லாம் யோசிக்க முடியுமா, நான் முன்னாடி நின்னவன் வாங்குனதையே குடுன்னு சொல்லிட்டேன். பாதிப் பேரு அப்படித்தான் செய்யறாங்க, நின்னு பாத்தேன். நூறு வகை வெச்சா பெருமை, ஆனா ஆர்டர் வர்றது ஏழெட்டு வகைக்குத்தான், அதனால "இன்னைக்கு இது நல்லாருக்கும்"னு கடைக்காரரே கலந்து வெச்ச கிண்ணம் நாலஞ்சு மெனுவுல மேல இருக்கணும், மத்ததெல்லாம் கீழ கிடக்கட்டும்.

இப்ப முக்கியமான இடம். கவுன்ட்டர்லயே பால ஊத்திக் குடுத்துட்டாங்க! காசு குடுத்து, சில்லறை வாங்கி, ஸ்பூன் எடுத்து, டேபிள் தேடி, அம்மா ஃபோட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள மேல இருக்கிற ரெண்டு வரிசை மட்டும்தான் மொறுமொறு, கீழ எல்லாம் கூழ். ஃப்ளேக்ஸ்ல ஈரம் நூத்துக்கு மூணு நாலு பங்குதான் இருக்கும், அது காய்ஞ்சு கிடக்கிறதாலதான் கடிச்சா சத்தம் வருது, பால் உள்ள இறங்க ஆரம்பிச்சா ரெண்டு மூணு நிமிஷக் கதைதான். சர்க்கரைப் பூச்சு இருக்கிறது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தடியா கெட்டியா இருக்கிறது இன்னும் கொஞ்சம். இது தெரியாம ஒருத்தன் சீரியல் கடை நடத்துறான்னா அவன் சீரியல் சாப்பிடுறவனே இல்ல. பால தனியா ஒரு சின்ன ஜக்குல டேபிளுக்குக் குடுக்கணும், அவ்ளோதான் விஷயம். கழுவ வேண்டிய பாத்திரம் கூடும்னு உன் ஃப்ரெண்டு சொல்லுவா, கூடட்டும்.

அம்மா என்ன பண்ணா தெரியுமா? சூடா பால் வேணும்னா. கவுன்ட்டர்ல இருந்த பையன் ரொம்ப மரியாதையா, "மேடம், சூடா ஊத்தினா உடனே நமத்துப் போயிடும்"னான். இவ "அதுக்குத்தான்பா கேக்குறேன்"னா. பையன் முழிச்சான், உள்ள போய் கேட்டுட்டு வந்து, சூடுபண்ண வசதி இல்லைன்னுட்டான். காபிக்குப் பால நுரைக்க வைக்கிற மெஷின் அவன் முதுகுக்குப் பின்னாடியே இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, நீ சொன்னா சண்டை வரும்னு அம்மாவே கைய அமுக்கிட்டா.

ஆனா யோசிச்சுப் பாத்தா அம்மா கேட்டதுதான் ஆதி முறை. முதல் முதல்ல 1863ல நியூயார்க் மாநிலத்துல ஜேம்ஸ் கேலப் ஜாக்சன்னு ஒருத்தர் கிரானுலான்னு ஒண்ணு செஞ்சாரு, அது கல்லு மாதிரி, ராத்திரியே ஊற வெச்சாதான் காலைல பல்லு இறங்கும். அதுக்கப்புறம் அமெரிக்காலயே பேட்டில் க்ரீக்ங்கிற ஊர்ல ஆஸ்பத்திரி மாதிரி ஒரு ஆரோக்கிய நிலையம் நடத்தின டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், நோயாளிங்களுக்கு லேசா செரிக்கட்டும்னு 1894ல வேகவெச்ச கோதுமைய உருளைல குடுத்து தகடு தகடா எடுத்தாரு, 1896ல பேட்டன்ட் கிடைச்சுது. அவர் தம்பி வில் கீத் கெல்லாக்தான் 1906ல சோளத்துக்குன்னு தனியா கம்பெனி போட்டது, சர்க்கரை சேர்க்கிறதுல அண்ணனுக்கும் தம்பிக்கும் முட்டிக்கிச்சு. பார்ட்னர்ஷிப்ல இறங்குறவங்க படிக்க வேண்டிய கதை அது, இந்த இடத்துல அதுக்கு மேல சொல்லல. நான் சொல்ல வர்றது, பத்தியச் சாப்பாடா ஆரம்பிச்ச பண்டம் இது, மெத்துன்னு இருக்கணும்னு கேக்குறவங்களும் உன் கஸ்டமர்தான், அதுல வயசானவங்க நிறைய பேர் இருப்பாங்க, பல்லு இல்லாதவன்கிட்டயும் பர்ஸ் இருக்கு.

அதனால என்னைக் கேட்டா உன் கடைல விக்கிறது பெட்டிக்குள்ள இருக்கிறது இல்ல மா, பால்தான். பெட்டிய யார் வேணா வாங்கலாம். ஒரு கிண்ணத்து விலைக்கு சூப்பர் மார்க்கெட்ல முழுப் பெட்டி கிடைக்குதுன்னு கஸ்டமருக்கும் தெரியும். ஆனா சூடா, ஜில்லுன்னு, ஓட்ஸ் பால், பாதாம் பால், இதுல எது எந்த வகைக்குப் பொருந்தும்னு வீட்ல எவனும் பத்து பாக்கெட் வாங்கி வெச்சுப் பாக்க மாட்டான். நியூயார்க்ல மில்க் பார்னு ஒரு இனிப்புக் கடை, கிறிஸ்டினா டோசின்னு ஒரு அம்மா ஆரம்பிச்சது, கார்ன் ஃப்ளேக்ஸ மறுபடி லேசா ஓவன்ல வறுத்து, பால்ல கொஞ்ச நேரம் ஊற வெச்சு, வடிகட்டி, பிரவுன் சுகரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அந்தப் பாலையே விக்கிறாங்க, அதுல ஐஸ்கிரீமும் போடுறாங்க. சின்ன வயசுல நீ கிண்ணத்த தூக்கி கடைசி வாய் குடிப்பியே, அதேதான், காசாக்கிட்டாங்க. நாங்க போன கடைல அந்த மாதிரி எதுவும் இல்ல. இன்னொண்ணு, பெட்டில போட்டிருக்கிற விட்டமின்ல சிலது சூட்டுல கெட்டுடும்னு கடைசிலதான் மேல தெளிக்கிறாங்க, பால ஊத்தினா கொஞ்சம் அதுல கரைஞ்சு போயிடும், அதனால மிச்சப் பால குடிக்க வைக்கிறது கஸ்டமருக்கும் நல்லதுதான்.

காசு விஷயம் சுருக்கமா. 500 கிராம் பெட்டில 30 கிராம் வீதம் பதினாறு கிண்ணம் வரும், ஆனா 30 கிராம ரெஸ்டாரண்ட் கிண்ணத்துல கொட்டினா அடிலயே கிடக்கும், பாக்க பாவமா இருக்கும், ரெட்டிப்பா போடத்தான் வேண்டியிருக்கும், அப்போ எட்டுதான். அப்படிப் போட்டாலும் பொருள் செலவு பெருசில்ல. உன்னைக் கொல்லப்போறது வாடகையும், காலைல ரெண்டு மணி நேரம் கூட்டம் வந்துட்டு மதியம் பூரா ஈ ஓட்டுறதும், அப்புறம் பிரிச்ச பெட்டியும். நூறு வகை வெச்சா நூறு பெட்டியும் பிரிச்சிருக்கும், தொண்ணூறு ஓடாது, காத்துப்பட்டு நமத்துப் போகும், அது நஷ்டம். காத்துப் புகாத டப்பால மாத்தி வை, ஆனா பெட்டில இருக்கிற தேதியும், உள்ள என்னென்ன சேர்த்திருக்குங்கிற லேபிளும் டப்பா மேலயே ஒட்டியிருக்கணும்.

அந்த லேபிள் சும்மா இல்ல. பக்கத்து டேபிள்ல ஒரு அம்மா, பையனுக்கு கோதுமை, பார்லி எதுவும் ஒத்துக்காது போல, கார்ன் ஃப்ளேக்ஸ் சோளம்தானே, இது குடுக்கலாமான்னு கேட்டாங்க, கடைப் பையன் தாராளமான்னுட்டான். நிறைய கார்ன் ஃப்ளேக்ஸ்ல பார்லி மால்ட் சேர்ப்பாங்க! நான் எழுந்து போயி பெட்டிய திருப்பிக் காட்டினேன், அவங்க உடனே வேணாம்னுட்டாங்க. நிலக்கடலை போட்ட டப்பாவுக்குள்ள விட்ட ஸ்கூப்பையே அடுத்த டப்பாவுலயும் விடுறான் வேற. அலர்ஜி இருக்கிற குழந்தை ஒண்ணு வந்தா ஆஸ்பத்திரிதான். வகைக்கு ஒரு ஸ்கூப் வாங்கு, இதுல சிக்கனம் பாக்காத.

சர்க்கரை பத்தி உபதேசம் பண்ண மாட்டேன், நீ பல்லு கூசுற வரைக்கும் தின்னு வளந்தவ. சாதா கார்ன் ஃப்ளேக்ஸ்ல 100 கிராமுக்கு 8 கிராம் பக்கம்தான் சர்க்கரை இருக்கும், கலர் பூசினதுங்கள்ல 30 கிராமத் தாண்டுறதும் உண்டு, அது மேல மிட்டாய், சாக்லேட் சாஸ், மார்ஷ்மெல்லோன்னு போட்டா அது டிபன் இல்ல, டெசர்ட்டு. டெசர்ட்னு ஒத்துக்கிட்டு சாயங்காலம் வித்தா தப்பே இல்ல, இன்னும் நல்லா ஓடும்னுதான் தோணுது, படம் பாத்துட்டு வர்ற கும்பல், ராத்திரி பசிக்கிற ஹாஸ்டல் பசங்க. காலைல ஆரோக்கியம்னு போர்டு வெச்சுட்டு அதையே விக்கிறதுதான் எனக்குப் பிடிக்கல.

அம்மா என்ன சொல்றான்னு கேப்ப. அவளுக்கு கடை பிடிச்சிருச்சு, ரெண்டு வகையக் கலந்து பாலே இல்லாம கைல அள்ளி அள்ளி தின்னுக்கிட்டே வீடு வந்தா. மிச்சத்த கட்டிக்குடுக்க சின்னப் பேப்பர் கோன் வெச்சிருந்தான், அது மட்டும் நல்ல ஐடியா, நீயும் வை.

வேணாம்னு நான் சொல்லல. வேலைய விடாம, ஒரு ரெண்டு மாசம் வாரக் கடைசில மட்டும் யாரோட கஃபேலயாவது ஒரு மூலை வாடகைக்கு எடுத்து பத்து வகை, நாலு பால் வெச்சு நடத்திப் பாருங்க. அதுல யாரு திரும்பி வர்றான்னு நோட் பண்ணு, முதல் தடவை ஃபோட்டோவுக்கு வர்றவன கணக்குல சேர்க்காத. அப்புறம் அந்தக் கடை லீஸ் பேப்பர், எத்தனை வருஷத்துக்கு லாக்-இன், நடுவுல விட்டா அட்வான்ஸ் திரும்புமா, இதெல்லாம் பாக்காம உன் ஃப்ரெண்டு அவசரப்படுத்துறான்னு கையெழுத்துப் போடாத, எனக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பு. யாரு எவ்ளோ பணம் போடுறீங்க, யாரு கடைல நிப்பீங்கன்னு ஒரு தாள்ல எழுதி அதையும் சேர்த்து அனுப்பு. சனிக்கிழமை மதியம் கூப்பிடு, அம்மா தூங்கிட்டிருப்பா, இடைல யாரும் ஃபோன பிடுங்க மாட்டாங்க.

அப்பா