டஸ்டர் வாங்கும் முன்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

பள்ளி மானியச் செலவுக் கணக்கில் டஸ்டருக்கு எப்போதும் ஒரு வரி இருக்கும். டஜன் கணக்கில் வாங்கி, பில்லை ஒட்டி, அலமாரியில் வைத்துவிடுகிறோம். என்ன மரம், என்ன துணி, தண்ணீரில் அலசலாமா என்று கடையில் யாரும் கேட்பதில்லை. 1987இல் மத்திய அரசு கொண்டுவந்த கரும்பலகைத் திட்டத்தின் அடிப்படைத் தேவைப் பட்டியலிலேயே சாக்பீஸும் டஸ்டரும் இடம்பெற்றிருந்தன. அதற்குப் பிறகு சிமெண்ட் பலகை போய்ப் பச்சைப் பலகை வந்தது, பல வகுப்பறைகளில் அதன் பக்கத்திலேயே ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டது. டஸ்டர் மட்டும் கட்டையில் ஒட்டிய ஃபெல்ட்டாகவே, அதாவது இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணியாகவே நிற்கிறது. அடுத்த முறை வாங்கும்போது, பலகை அழிகிறதா என்பதோடு அழித்த தூள் எங்கே போகிறது என்றும் பாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். உங்கள் ஊர்த் தச்சரும் தையல்காரரும் செய்துவிடக்கூடிய ஒரு டஸ்டரின் அளவுகளையும் கீழே தருகிறோம்.

நம் பள்ளிகளில் புழங்கும் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் குழைத்து அச்சில் ஊற்றி எடுப்பது. இறுகியபின் அது ஜிப்சம். துடைக்கும்போது அது பல அளவுத் துகள்களாக உடைகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். 50 மைக்ரான் ஜிப்சம் துகள் ஆசிரியரின் முக உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து 10 விநாடிக்குள் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு மூன்றரை நிமிடம் ஆகும், 5 மைக்ரானுக்கு ஏறக்குறைய 14 நிமிடம். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய 2.5 மைக்ரான் துகள் ஒரு மணி நேரம் வரை மிதக்கும். இதெல்லாம் காற்றே அசையாத அறையின் கணக்கு. மின்விசிறி சுழலும் வகுப்பில் நுண்துகள் தரைக்கு வருவதற்குள் அடுத்த பாடவேளைத் துடைப்பும் வந்துவிடும். கண்ணில் படுகிற தூள் தரையில் விழுந்துவிடுகிறது, கண்ணில் படாததைத்தான் ஆசிரியரும் முதல் வரிசைப் பிள்ளைகளும் நாள் முழுக்க மூச்சில் இழுக்கிறார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. புரொஜெக்டர் வைத்த அறையில் அதன் காற்று வடிகட்டியை அடைப்பதும் இதே தூள்தான்.

‘டஸ்ட்லெஸ்’ சாக்பீஸ் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டில் செய்யப்படுவது. துகள் கனமாகவும் பெரிதாகவும் இருப்பதால் சீக்கிரம் கீழே விழுகிறது. நல்லதுதான், ஆனால் தூளே வராது என்று நினைக்க வேண்டாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் சில வகைகளில் பிடிமானத்துக்காகப் பால் புரதமான கேசீன் சேர்க்கிறார்கள். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இதனால் மூச்சுத் தொந்தரவு வரலாம் என்று ஸ்பெயின் மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் இருந்தால் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள டஸ்டர் எங்கே தவறுகிறது? முதலில் அதன் கட்டை. சிமெண்ட் பலகை எதுவும் சமதளம் இல்லை, சுவரில் அடித்த பச்சைப் பலகையும் நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கும். கெட்டியான கட்டையில் மெல்லிய ஃபெல்ட்டை ஒட்டினால் அது மேடான இடங்களை மட்டும் தொடும். எழுத்து போகவில்லை என்று ஆசிரியர் அழுத்தி, முன்னும் பின்னுமாகத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கத் துகள் இன்னும் பொடியாகும். அடுத்து ஃபெல்ட். கம்பளி ஃபெல்ட்டின் இழைகளில் செதில் இருப்பதால் தூளைப் பிடித்துக்கொள்ளும். கடையில் மலிவாகக் கிடைப்பது தரைவிரிப்பு வகைப் பாலியஸ்டர் ஃபெல்ட். அதன் இழை வழுவழுப்பானது, பசை போட்டு இறுக்கியதால் தூள் உள்ளே நுழைய இடமும் இல்லை. இரண்டு பாடவேளையில் அது நிரம்பிவிடும். நிரம்பிய டஸ்டர் எழுத்தைப் பலகை முழுக்கப் பூசுகிறது. பலகை சாம்பல் பூத்துப்போவதற்குப் பல பள்ளிகளில் காரணம் பெயிண்ட் அல்ல, டஸ்டர்.

மூன்றாவது, ஒட்டு. வெள்ளைப் பசையில் ஒட்டிய ஃபெல்ட்டை ஒருமுறை தண்ணீரில் அலசினால் உரிந்து வரும். அதனால் யாரும் அலசுவதில்லை. சுவரிலோ படிக்கட்டிலோ தட்டச் சொல்கிறோம், அதையும் ஒரு பிள்ளையிடம் கொடுக்கிறோம். நாள் முழுக்க டஸ்டர் பிடித்து வைத்த தூள் மொத்தமும் ஒரே நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வெளியே வருகிறது. இந்த ஒரு பழக்கத்தை நிறுத்துவதற்காகவாவது டஸ்டரின் அமைப்பை மாற்றியாக வேண்டும். ஆணி அடித்த டஸ்டர் என்றால் வேறொரு கேடும் உண்டு. ஃபெல்ட் தேய்ந்ததும் ஆணித்தலை பலகையைக் கீறும், அந்தக் கீறலில் புகுந்த வெள்ளை பிறகு எதற்கும் போகாது.

ஜப்பானியப் பள்ளிகளில் டஸ்டர் முகத்துக்கு ஃபெல்ட் கிடையாது. பஞ்சின் மேல் வரிவரியாகப் புடைத்த கார்டுராய் துணி போர்த்தியிருப்பார்கள். அங்கே டஸ்டரைச் சுத்தம் செய்ய, தூளை உறிஞ்சும் சிறு மின்கருவியும் வகுப்பறையில் உண்டு. கருவி நமக்குத் தேவையில்லை, துணியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கார்டுராயின் ஒவ்வொரு வரியும் பலகையைச் சுரண்டும், வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அந்தத் தூளை வாங்கிக்கொள்ளும். நாம் சேர்க்க வேண்டியது ஒன்றுதான்: துணியைக் கழற்றி அலசும்படி உறையாகத் தைப்பது.

கட்டை 150 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம். மலைவேம்பு போல எடை குறைந்த மரம் போதும். தேக்கு வேண்டாம், நாள் முழுக்கக் கையைத் தூக்கித் துடைப்பவருக்கு அது பாரம். கைப்பிடிக்கு 120 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரத்தில் ஒரு சட்டம். அடிப்பக்கமிருந்து இரண்டு ஸ்க்ரூ போட்டு, தலைகளை மரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். எல்லா விளிம்பையும் உப்புத்தாளில் உருட்டிவிடுங்கள், கூர்விளிம்பு உறையை அறுத்துவிடும்.

அதன் அடியில் 20 மி.மீ. ஃபோம். குஷன் கடையில் 32 டென்சிட்டி என்று கேளுங்கள். அதைவிட மெத்தென்று இருந்தால் கட்டை பலகையில் இடிக்கும். கனத்தை 40 மி.மீ. ஆக்கினால் துடைக்கும்போது கட்டை ஒரு பக்கமாகச் சாயும், உறையும் சுருண்டுகொள்ளும். ஒட்டுவதற்குக் குஷன் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை. இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும் வரை 10 நிமிடம் போலக் காயவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் பசை ஃபோமுக்குள் ஊறி அந்த இடம் கட்டிதட்டிப் போகும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த வாடை தலைவலி தரும்.

உறைக்குப் பருத்திக் கார்டுராய். வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் சலவையில் உறை சுருங்கி, பிறகு கட்டையில் ஏறாது. ஒரு உறைக்கு 25 செ.மீ.க்கு 16 செ.மீ. துண்டு. துணியின் வரிகள் 25 செ.மீ. பக்கமாக, அதாவது டஸ்டரின் நீளவாக்கில் ஓட வேண்டும். மேலிருந்து கீழே துடைக்கும்போது வரிகள் குறுக்கே நின்றால்தான் பள்ளங்கள் தூளை ஏந்தும். திசை மாறினால் பலகையில் கோடு கோடாக வெள்ளை நிற்கும். தையல்காரரிடம் வாயால் சொன்னால் மறந்துபோகும், துணியின் பின்பக்கம் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். நான்கு மூலையும் பெட்டி போலத் தைத்து, ஓரத்தை 1 செ.மீ. மடித்து அடிக்க வேண்டும். 44 இஞ்ச் அகலத் துணி ஒரு மீட்டர் எடுத்தால், சுருங்கியதுபோக 18 உறை தேறும். டஸ்டருக்கு மூன்று என்று ஆறு டஸ்டருக்கு வரும்.

உறையைப் பிடிக்க 20 மி.மீ. வெல்க்ரோ, கட்டையின் இரண்டு நீளப் பக்கங்களிலும். சொரசொரப்பான பாதியைக் கட்டையில் ரப்பர் பசை போட்டு, ஸ்டேப்பிளும் அடியுங்கள். மெத்தென்ற பாதியை உறையின் உள்பக்கம் தையுங்கள். மாற்றித் தைத்தால் சலவையில் நூலும் பஞ்சும் சொரசொரப்பில் சிக்கி, சில வாரங்களில் பிடிப்பே போய்விடும். எலாஸ்டிக் போட்டால் வேலை குறையுமே என்று தையல்காரர் சொல்வார். எலாஸ்டிக் போட்ட உறை துடைக்கும்போது கட்டையோடு சேர்ந்து வராது, உறை நின்ற இடத்திலேயே நிற்க ஃபோம் மட்டும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்று உறை எதற்கு? ஒன்று டஸ்டரில், ஒன்று காய்வதில், ஒன்று கைவசம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான்காவதும் வேண்டியிருக்கும். ஈரம் காயாத உறையால் துடைத்தால் தூள் குழம்பாகிப் பலகையில் அப்பிக்கொள்ளும். மாலையில் உறையைக் கழற்றியதும் உதறக் கூடாது. பக்கெட் தண்ணீருக்குள் முழுக்க அமுக்கி, தண்ணீருக்குள்ளேயே கசக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் இத்தனை வேலையும் வீண். சோப்பு வேண்டாம், அதன் மிச்சம் பலகையில் திட்டுத் திட்டாகத் தெரியும். பக்கெட்டை இரவு அப்படியே விட்டால் தூள் அடியில் படியும். தெளிந்த நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, வண்டலை மண்ணில் கொட்டுங்கள். கைகழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்று விதி இருக்கிறது, டஸ்டரையும் உறையையும் அந்தத் தலைப்பில் வைத்துப் பேசுங்கள்.

ஈரத்துணியாலேயே எப்போதும் துடைத்துவிடலாமே என்ற யோசனையும் வரும். நாளுக்கு ஒருமுறை, கடைசிப் பாடவேளைக்குப் பிறகு, நன்றாகப் பிழிந்த துணி என்றால் சரி. பாடவேளைக்குப் பாடவேளை என்றால் ஆகாது. ஈரப் பலகையில் சாக்பீஸ் எழுதாது. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்குச் சற்று மேல் கரையும், தண்ணீர் காய்ந்ததும் கரைந்தது மெல்லிய வெள்ளைப் படலமாகத் திரும்பி வரும். உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள ஊர்களில் படலம் இன்னும் அடர்த்தியாகவே இருக்கும்.

எவ்வளவு நல்ல டஸ்டரும் எல்லாத் தூளையும் பிடிக்காது. கீழே விழுவதை வாங்கப் பலகைக்கு அடியில் ஒரு தொட்டி வேண்டும். 75 மி.மீ. பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு வகுப்புக்குத் தொட்டி கிடைத்துவிடும். பலகையின் அடிச்சட்டத்தை ஒட்டி, சுவரோடு இடைவெளி இல்லாமல் ஸ்க்ரூ போடுங்கள். இடைவெளி விழுந்தால் பெயிண்டர்கள் பூசும் பட்டியால் அடையுங்கள், இல்லையென்றால் தூள் சுவரோரமாக இறங்கிவிடும். இரு முனைகளையும் மூட வேண்டும். உள்ளே ஈரத்துணிப் பட்டை ஒன்றை விரித்து வைத்தால் விழுந்த தூள் மின்விசிறிக் காற்றில் மறுபடி எழும்பாது. சாக்பீஸை இந்தத் தொட்டியில் வைக்காதீர்கள், அதற்குத் தனி டப்பா போதும்.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது சிறிய விஷயம். பலகையின் மேல்விளிம்பில் தொடங்கி நேராகக் கீழே, தொட்டி வரை ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். வட்டமாகவோ பக்கவாட்டிலோ வீசித் துடைத்தால் தூள் பலகையைவிட்டு வெளியே பறக்கும். துடைக்கும் அந்த அரை நிமிடம் பலகைக்கு அருகிலுள்ள மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நாங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, எடை போட்டுப் பார்க்கலாம். 200 கிராம் வரை, 0.01 கிராம் துல்லியத்தில் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு போதும். சாக்பீஸ், டஸ்டர், சோதனைக்காக ஈரத்துணிக்குப் பதில் தொட்டியில் விரிக்கும் காகிதம் மூன்றையும் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பலகையில் 2 அடிக்கு 2 அடிக் கட்டத்தைச் சாக்பீஸின் பக்கவாட்டால் நிரப்பித் துடையுங்கள். ஐந்து முறை இப்படிச் செய்து மூன்றையும் மறுபடி நிறுங்கள். சாக்பீஸ் இழந்த எடையிலிருந்து டஸ்டரும் காகிதமும் கூடிய எடையைக் கழித்தால் மிஞ்சுவது காற்றுக்கும் தரைக்கும் பலகைப் படலத்துக்கும் போனது. இப்போதுள்ள டஸ்டரையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். பருத்தி காற்றின் ஈரத்தை வாங்கி எடை கூடும், காலையில் ஒன்றையும் மழைபெய்த மாலையில் இன்னொன்றையும் நிறுத்தால் கணக்கு பொய் சொல்லும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் மன்றத்தில் எடை குறித்துக் கணக்குப் போடலாம். துடைப்பதை மட்டும் ஆசிரியர் செய்யட்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டே இரண்டு டஸ்டர் செய்து பார்க்க ஒப்புதல் கொடுங்கள். ஒரு மாதம் இரண்டு வகுப்பில் ஓடட்டும். பிறகு அந்த ஆசிரியர்களையும், உறை அலசும் பணியாளரையும் கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள். சரிப்பட்டால், கடையில் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் ‘டஸ்டர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக மேலே சொன்ன மரம், ஃபோம், துணி, வரியின் திசை, கழற்றக்கூடிய மூன்று உறை ஆகியவற்றை எழுதுங்கள். டஸ்டர் தட்டப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்ற தீர்மானத்துக்கு எதையும் வாங்க வேண்டியதில்லை, அதை இந்த மாதமே போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கற்பித்தல் கருவிகள் செய்யும் தச்சர்கள், தையல்காரர்கள், ஆசிரியர்கள்