பழுதுபார்ப்பதும் கட்டடக்கலைதான்

மலேசியக் கட்டடக்கலைஞர் வாரியத்தினருக்கும், கட்டடக்கலை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பினாங்கிலிருந்து வணக்கம்.

ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் லிட்டில் இந்தியாவின் காக்கி லீமாவில், அதாவது கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில், நடந்தால், சிமெண்ட் பூசிய பழைய கடைவீட்டுச் சுவர்கள் கண்ணில் படுகின்றன. அவை சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய சுவர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்புப் பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். வயதான கொத்தனாரைக் கேட்டால் சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். பட்டம் வாங்கி வரும் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெற்று மனையில் புதிதாக எழுப்பத்தான் அவர்களைப் பழக்குகிறோம். நிற்கிற சுவரைப் படிக்கப் பழக்கவில்லை.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டூடியோ 1993 முதல் மாணவர்களை ஏழை ஊர்களுக்கு அனுப்புகிறது. அங்கே வசிப்பவர்களோடு பேசி, அவர்களுக்கான வீட்டை மாணவர்களே வரைந்து கட்டியும் முடிக்கிறார்கள். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரி. ஸ்தபதிகளின் கைத்தொழில் அங்கே பட்டப்படிப்பாகவே இருக்கிறது. நம் கோயில் திருப்பணிகளுக்குத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து மாதக்கணக்கில் சாரத்தில் நின்று வேலை செய்கிறார்களே, அவர்களிடம் நம் மாணவர்களை அனுப்ப ஏன் தயங்க வேண்டும்?

படிப்பை மாற்றினால் மட்டும் போதாது. கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குவதே தொழிலின் வழக்கம். அடுக்குமாடிக்கு அது சரி. ஒழுகும் கூரையை நாள் முழுக்க ஆராய்ந்து, “இடிக்க வேண்டாம், ஓடுகளை மாற்றினால் போதும்” என்று சொல்பவருக்கு என்ன மிஞ்சும்? வீட்டுக்காரரின் பணத்தை மிச்சப்படுத்தியவருக்கே வருமானம் குறைகிறது. இளையவர்கள் சிறு வேலைகளைத் தொடாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கட்டடக்கலைஞராகப் பதிவு பெற எழுதும் மூன்றாம் பகுதித் தேர்வுக்கான அனுபவக் குறிப்பேட்டில், கொத்தனாரிடமும் தச்சரிடமும் வேலை பழகிய நாட்களையும் முழுமையாகக் கணக்கில் எடுங்கள். பழுதுபார்ப்பு வேலைக்குச் செலவிட்ட நேரத்தை வைத்துக் கட்டணம் கேட்பதை வழக்கமாக்குங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது; அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.