2024-25 ஆண்டறிக்கை: பெலே படம் பார்த்த இரவு

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் இயங்கும் நம் கால்பந்துக் கழகத்துக்கு இந்த வருசம் கோப்பை எதுவும் வரவில்லை. மைதானத்துக்கு மண் அடித்தோம், கிழிந்த வலையை மாற்றினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மே மாதம் சமுதாயக் கூடத்தில் திரையிட்ட ‘பெலே: பர்த் ஆஃப் எ லெஜண்ட்’ படத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. அன்றைக்குப் பேச்சு முடிய இரவு பத்தரை ஆகிவிட்டது.

பிரேசில் கால்பந்து வீரர் பெலேயின் சிறுவயதுக் கதையைச் சொல்லும் இது 2016இல் வந்த படம். ஜிம்பாலிஸ்ட் சகோதரர்கள் இயக்கியது, இசை நம்ம ஏ.ஆர். ரகுமான். விமர்சகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிரேசில் பையன்கள் போர்ச்சுகீசியம் பேசாமல் ஆங்கிலம் பேசுவது ஒட்டவில்லை என்றார்கள். பெலேயைத் துதி பாடுகிறது, பழகிப்போன விளையாட்டுப் படக் கதைதான் என்றும் எழுதினார்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவரும், “ஏனுங்க, அவங்க பாஷையிலயே எடுத்துக் கீழ எழுத்துப் போட்டிருந்தா நாம பார்க்க மாட்டமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எனக்கு வேறு ஒரு வருத்தம். பிரேசில் அணியின் பயிற்சியாளர் ஃபியோலா, அந்த நாட்டுக்கே உரிய, உடலை அசைத்து வளைத்து ஆடும் ‘ஜிங்கா’ ஆட்டத்தை விட்டுவிடச் சொல்பவராகப் படத்தில் வருகிறார். நடந்தது என்ன? 1958 உலகக் கோப்பையில் அணியின் மனநல ஆலோசகர், பெலே இன்னும் சிறுபிள்ளை, இறக்க வேண்டாம் என்றார். அதைக் கேட்காமல், முழங்கால் அடி தேறியதும் சோவியத் அணிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் அந்த 17 வயதுப் பையனை இறக்கியவர் இதே ஃபியோலாதான். தூக்கிவிட்ட மனுசரைக் குறுக்கே நிற்பவராகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது கூடுதலாகவே உறுத்தும்.

ஆனாலும் விமர்சகர்களோடு முழுதாக ஒத்துப்போகவும் மனசு வரவில்லை. முழங்கால் அடியால் ஆட்டம் பாதியில் நின்றுபோன அப்பா தோந்தின்யோ, மகனுக்கு மாம்பழத்தை வைத்துக் கால்வித்தை சொல்லிக்கொடுக்கும் காட்சியில் கூடமே அமைதியானது. மறுநாள் காலையில் நம் சின்னப் பையன்கள் தோப்பில் விழுந்து கிடந்த மாங்காயை எடுத்து, கீழே விடாமல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளாக நான் கத்திக் கத்திச் சொல்லியும் இடது காலைத் தொடாத பையன் அன்றைக்கு இடது காலிலும் தட்டினான். இதையும் அந்தப் படத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். 1958 ஜூன் 29 அன்று பிரேசில் 5-2 என்று சுவீடனை வென்ற இறுதிப் போட்டியின் கறுப்பு வெள்ளைப் பதிவை, பள்ளி திறப்பதற்குள் பையன்களுக்குக் காட்ட வேண்டும். பெலே அடித்த இரண்டு கோல்களையும் நடிப்பாக இல்லாமல் நிஜமாகவே அவர்கள் பார்க்கட்டும். ப்ரொஜக்டர் வாடகைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்