பலகை தெரியாத இடத்தில் நூறு பவுண் கேட்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கே பிரித்தானியாவில் தனியார் வாகனத் தரிப்பிடங்களில் இருந்து பணம் கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துக் குப்பையில் போடும்படி சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் வீதி அக்கா ஒருவர் தானும் அப்படியே செய்யப் போவதாகச் சொன்னார். ஆனால் அவர் கையில் இருந்ததோ நீதிமன்றப் படிவம். அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

அந்த யோசனை ஒரு காலத்தில் பலித்தது உண்மைதான். காரை ஓட்டியது யார் என்று காட்ட முடியாவிட்டால் அப்போது அந்த நிறுவனங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 2012 ஒக்டோபரில் நிலைமை மாறியது. சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியார் காணியில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது. கூடவே, அதன் நான்காம் அட்டவணையில் உள்ள நிபந்தனைகளை நிறைவேற்றினால் கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே பணம் கேட்கலாம் என்று இங்கிலாந்திலும் வேல்சிலும் வழி திறந்துவிட்டது. அன்று முதல், வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரச அமைப்பான டிவிஎல்ஏயிடம் இரண்டரைப் பவுண் கட்டி உங்கள் முகவரியை வாங்கி, வழக்குப் போடுவது அவர்களுக்கு அன்றாட வேலை. நீதிமன்றப் படிவத்துக்குப் பதில் போகாவிட்டால், யாரும் எதையும் விசாரிக்காமலே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு விழும். ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிட்டால் அது ஆறு வருடம் உங்கள் பெயரில் கிடக்கும். வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் அதன் வலி தெரியும்.

இன்னொரு பக்கம், கோர்ட் என்ற பெயரைக் கேட்டதுமே பயந்து கட்டிவிடுகிறவர்கள். நம்மவர்களில் இவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தபோது என் கணவர் அதைத்தான் சொன்னார்: "அறுபது பவுணோடு போகட்டும், கட்டிவிடு." நான் கட்டவில்லை. கட்டவேண்டிய நியாயம் இருக்கவில்லை.

நடந்தது இதுதான். குளிர்காலத்தில் ஒரு மாலை, மாமிக்கு மருந்து எடுக்கப் போயிருந்தேன். நாலைந்து கடைகளுக்குப் பின்னால் ஒரு தரிப்பிடம். நன்றாக இருட்டிவிட்டது, அங்கே இருந்த ஒரே விளக்கும் எரியவில்லை. காரை நிறுத்தி, மருந்தை எடுத்து, திரும்பி வந்துவிட்டேன். சில நாட்களில் 100 பவுண் கேட்டுக் கடிதம் வந்தது, 14 நாளுக்குள் கட்டினால் 60. கடைக்குள் இருக்கும் ஒரு திரையில் காரின் இலக்கத்தைப் பதியவில்லையாம். அப்படி ஒரு திரை இருப்பதே அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அடுத்த நாளே அதே நேரத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். முதலில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே, வீதியில் இருந்து உள்ளே திரும்பும் இடத்தைப் படம் எடுத்தேன். படத்தில் இருட்டு மட்டும்தான். பிறகு இறங்கிப் பார்த்தோம். வாசலில் இடது பக்கக் கம்பத்தில் இரண்டு திருகாணித் துளைகளும், பலகை இருந்த இடத்தில் வெளிறிய ஒரு சதுரமும்தான் இருந்தன. உள்ளே கடைசிச் சுவரில் ஒரு பலகை, என் தலைக்கு மேலே, பாதியை ஐவிக் கொடி மூடியிருந்தது. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துத்தான் வாசித்தோம். மேலே பெரிதாக 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று இருந்தது. நூறு பவுணும் திரையில் பதிய வேண்டும் என்ற நிபந்தனையும் அடியில் பொடி எழுத்தில். மகன் எட்டி அளவுகோலை வைத்தான்: எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட வரவில்லை.

இந்த எழுத்தின் அளவைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வழக்கே அதில்தான் நிற்கிறது. இது நகரசபையோ பொலிசோ போடும் தண்டம் இல்லை. பலகையில் உள்ள நிபந்தனையை நீங்கள் வாசித்து, ஏற்று, காரை நிறுத்தினீர்கள், அதனால் உங்களுக்கும் எங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் என்பதுதான் அவர்கள் வாதம். வாசிக்கவே முடியாத நிபந்தனையை யார் ஏற்க முடியும்? 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும், வியாபாரி எழுத்தில் வைக்கும் நிபந்தனை தெளிவான மொழியிலும் வாசிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

நிறுவனத்துக்கு முறையீடு எழுதினேன். நான்தான் ஓட்டினேன் என்பதை மறைக்கவில்லை. நிராகரித்தார்கள். பிறகு கடன் வசூலிப்பவர்களின் சிவப்பு எழுத்துக் கடிதங்கள், தொகை 170 ஆனது. கடைசியில் நோர்தாம்டனில் இருந்து நீதிமன்றப் படிவம் வந்தது. வட்டி, 35 பவுண் நீதிமன்றக் கட்டணம், 50 பவுண் சட்டத்தரணிச் செலவு என்று எல்லாம் சேர்ந்து 260ஐத் தாண்டியிருந்தது. வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

படிவம் வந்தவர்கள் முதலில் அதில் உள்ள திகதியைப் பாருங்கள். அதிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்கள் கைக்கு வந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு 14 நாளுக்குள் 'கிடைத்தது, எதிர்வாதம் செய்கிறேன்' என்று இணையத்திலேயே பதியலாம். அப்படிப் பதிந்தால் எதிர்வாதத்தை எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். இதற்குக் கட்டணம் இல்லை. பிறகு ஒரு கேள்விப் படிவம் வரும், அதில் உங்கள் வீட்டுக்குக் கிட்டிய நீதிமன்றத்தைக் கேளுங்கள். 2024 மே முதல் இடையில் தொலைபேசி வழியாக ஒரு சமரசப் பேச்சும் கட்டாயம். எனக்கு 150 தந்தால் விடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

விசாரணைக்கு முன்னர் அவர்கள் அனுப்பிய ஆவணக் கட்டு என் மாமியின் மருந்துப் பெட்டி அளவுக்குத் தடிப்பு. அதில் பக்கத்துக்குப் பக்கம் 'பீவிஸ் வழக்கு' என்று இருந்தது. பயந்துவிடாமல் அந்தத் தீர்ப்பைத் தேடி மகனோடு இருந்து வாசித்தேன். இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: பீவிஸ் வழக்கு அவர்களுக்கு மட்டும் சாதகமானது இல்லை. பாரி பீவிஸ் என்பவர் செல்ம்ஸ்போர்ட்டில் ஒரு கடைத் தொகுதியில் இரண்டு மணி நேர இலவச அனுமதியை 56 நிமிடம் தாண்டிவிட்டார். கேட்ட தொகை 85 பவுண். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அங்கே ஏறத்தாழ 20 பலகைகள், பெரிதாக, எடுப்பாக, வாசிக்கக்கூடியதாக இருந்தன என்பதையும், 85 என்ற எண் பெரிய எழுத்தில் இருந்தது என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். அப்படியானால் விளக்கில்லாத சுவரில் கொடிக்குள் ஒளிந்த பலகைக்கு அந்தத் தீர்ப்பு எப்படித் துணை வரும்?

அதோடு 2000ஆம் ஆண்டின் வைன் வழக்கையும் சேர்த்தேன். வோல்தம் ஃபொரஸ்ட் நகரசபைக்கு எதிரானது. சுகமில்லாமல் காரை நிறுத்திய ஒரு பெண்ணின் சக்கரத்தைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு ரேஞ்ச் ரோவர் அறிவித்தலை மறைத்திருந்தது. அறிவித்தலை அவர் காணவில்லை, எனவே பூட்டுவதற்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

நீதிமன்றம் என்றால் கூண்டும் கூட்டமும் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இப்படியான சிறு தொகை வழக்குகளுக்கான 'சிறு கோரிக்கை' விசாரணை ஒரு சாதாரண அறையில், ஒரு மேசையைச் சுற்றி நடக்கிறது. நிறுவனத்துக்காக வந்த இளைஞர் மரியாதையானவர், ஆனால் அந்த இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்கள் கொடுத்த வரைபடத்தில் பலகைகளைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டியிருந்தார்கள், படங்கள் கோடை வெயிலில் நண்பகலில் எடுத்தவை. உள்ளே வரும் ஓட்டுநர் எந்தப் பலகையைக் காண்பார் என்று நீதிபதி கேட்டார். இளைஞர் வாசலில் இருந்த புள்ளியைத் தொட்டார். நீதிபதி என் படக்கட்டைப் புரட்டி, அந்தத் திருகாணித் துளைகளை அவருக்குக் காட்டினார். அதற்குப் பிறகு அதிக நேரம் எடுக்கவில்லை. கோரிக்கை தள்ளுபடி. வேலைக்குப் போகாத நாளுக்கு 95 பவுண் வரை கேட்கலாம் என்று முன்பே வாசித்திருந்ததால் சம்பளத் துண்டைக் கொண்டுபோயிருந்தேன், அதையும் தரச் சொன்னார்.

பலகை பெரிதாக, வெளிச்சத்தில், வாசலிலேயே இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன், தோற்பதே நியாயம். என் வழக்கின் முடிவு இன்னொரு நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. ஆனால் உங்கள் பலகை எப்படி இருந்தது என்பதை அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில் படம் பிடிக்காமல் பணத்தைக் கட்டாதீர்கள். கொடியை வெட்டிவிடுவார்கள், விளக்கை மாற்றிவிடுவார்கள், அப்புறம் உங்கள் சொல் மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு கோபத்தையும் சொல்லி முடிக்கிறேன். இந்தத் துறைக்கு அரசின் நடத்தை விதிக் கோவை ஒன்று, அதாவது நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய விதிகளின் தொகுப்பு, வேண்டும் என்று 2019இலேயே சட்டம் நிறைவேற்றிவிட்டார்கள். 2022 பெப்ரவரியில் கோவை வெளியானது, கடன் வசூல் என்ற பெயரில் மேலதிகமாக ஏற்றும் தொகைக்கும் அதில் தடை இருந்தது. நிறுவனங்கள் வழக்குக்குப் போக, அதே வருடம் ஜூனில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2025 ஜூலையில் மறுபடியும் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2024 ஒக்டோபர் முதல் நடப்பில் உள்ள கோவை இந்தத் துறையின் இரண்டு சங்கங்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்டது. ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் இருக்கும் நம் வாசகர்கள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதைப் பற்றி எழுத வேண்டும். எழுதும்போது அந்தப் பலகையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹாரோ, லண்டன்