பேரழிவு காமிக்ஸ் பத்தி பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம்ம ஸ்கூல் லைப்ரரிக்கு டைட்டானிக், பாம்பேய் நகரத்தை அழிச்ச எரிமலை, கனடாவுல நடந்த ஹாலிஃபாக்ஸ் வெடிவிபத்து மாதிரி பழைய பேரழிவுகளைப் பத்தின கிராஃபிக் நாவல்கள் வந்ததுல இருந்து பசங்க அந்த ஷெல்ஃபை விட்டு நகர மாட்டேங்கறாங்க. இவ்ளோ சாவு இருக்கற கதையை எதுக்கு சின்னப் பசங்க கையில குடுக்கறீங்கன்னு சில பெற்றோர் கேட்டீங்க, காமிக்ஸ்தானே இதெல்லாம் ஒரு படிப்பான்னு வேற சிலர் கேட்டீங்க.

படிப்புதாங்க. டைட்டானிக்ல சுமார் 2,200 பேர் இருந்தாங்க, லைஃப்போட்ல இடம் இருந்தது 1,178 பேருக்குத்தான், இதை பாடப்புத்தகத்துல ஒரு வரியா படிச்சா அடுத்த நாளே மறந்துடும். ஆனா 65 பேர் ஏறக்கூடிய படகு பாதிக்கு மேல காலியாவே கடல்ல இறங்கறத படமா பாக்கற பிள்ளை "ஏன் மிச்ச பேரை ஏத்தல?"ன்னு உடனே கேக்கும். அந்தக் கேள்விக்கு பதில் தேடிப் போனா, கப்பலோட டன் கணக்கை வெச்சு படகு எத்தனைன்னு முடிவு பண்ணின பழைய விதி வரும், 10,000 டன்னுக்கு மேல எவ்ளோ பெரிய கப்பல் வந்தாலும் அதே 16 படகு போதும்னு விட்டிருந்தது வரும், 1912ல கப்பல் மூழ்கினப்புறம் 1914ல உலக நாடுகள் கூடி எல்லாருக்கும் படகுல இடம் வேணும்னு ஒப்பந்தம் போட்டது வரும். பனிப்பாறை மட்டுமே காரணம் இல்ல, மனுஷங்க எடுத்த முடிவும் காரணம்னு ஒன்பது வயசுல புரியறது எனக்கு ரொம்ப முக்கியமா படுது.

ஹாலிஃபாக்ஸும் அப்படித்தான். 1917 டிசம்பர் 6, துறைமுகத்துல வெடிமருந்து ஏத்தின கப்பல் எரியறத ஜனங்க ஜன்னல் கிட்ட நின்னு வேடிக்கை பாத்தாங்க, வெடிச்சப்போ கண்ணாடி தெறிச்சு நிறைய பேருக்கு கண் போச்சு. ஆபத்தோட அறிகுறி தெரிஞ்சிருந்தா உயிரைக் காப்பாத்தலாம். 2004 சுனாமில, கடல் நுரைக்கறத பாத்து, ரெண்டு வாரம் முன்னாடி ஜியாகிரஃபி கிளாஸ்ல படிச்சது ஞாபகம் வந்து, தாய்லாந்து கடற்கரைல இருந்தவங்களை வெளியேற வெச்சது ஒரு பத்து வயசுப் பொண்ணு.

பயம் விஷயத்துக்கு வரேன். வீடியோ அதோட வேகத்துல ஓடும், நிறுத்தணும்னு தோணறதுக்குள்ள காட்சி முடிஞ்சிடும். புக்குல பக்கத்தைத் திருப்பறது பிள்ளையோட கை, வேணாம்னா தள்ளலாம், மூடி வெக்கலாம். காமிக்ஸ்ல ஒரு படக் கட்டத்துல அலை வரும், அடுத்த கட்டத்துல நிவாரண முகாம் இருக்கும், நடுவுல நடந்ததை பிள்ளை தன் வயசுக்கு எவ்ளோ தாங்குமோ அவ்ளோதான் பெரும்பாலும் கற்பனை பண்ணிக்கும். இருந்தாலும் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இல்ல, சமீபத்துல வீட்ல யாராவது தவறியிருந்தா, வெள்ளத்தையோ தீயையோ நேர்ல பாத்திருந்தா, இப்போதைக்கு இந்த புக் வேணாம்.

உங்க கிட்ட நான் கேக்கறது, கூட உக்காந்து படிங்க. இந்த மாதிரி கதைகள்ல நிறைய தடவை கற்பனையா ஒரு பையனோ பொண்ணோ ஹீரோவா இருப்பாங்க, கடைசில தப்பிச்சிடுவாங்க. அதனால தைரியமா இருந்தா பொழச்சிக்கலாம்னு பிள்ளைங்க நினைச்சிடலாம். தைரியசாலிங்களும் செத்தாங்கன்னு நேரா சொல்லுங்க, ஹாலிஃபாக்ஸ்ல ரயிலை நிறுத்தச் சொல்லி தந்தி அடிச்சிட்டு உயிர விட்ட ரயில்வே ஊழியர் வின்ஸ் கோல்மன் மாதிரி. படத்துல பேச்சு பலூனுக்குள்ள இருக்கற வசனம் பெரும்பாலும் எழுத்தாளர் எழுதினதுன்னும் சொல்லுங்க. கடைசில உண்மைத் தகவல் பக்கங்கள் இருந்தா அதைத் தாண்டாதீங்க, அதைத்தான் பசங்க அவசரமா தள்ளிட்டுப் போறாங்க.

படிச்சப்புறம் தூக்கம் வரலன்னா, திரும்பத் திரும்ப அதையே கேட்டா, டைரில ஒரு வரி எழுதி அனுப்புங்க, கிளாஸ் டீச்சர் வேற புக் எடுத்துக் குடுப்பாங்க, பிள்ளையை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்